சுல்தான் சமையலறையின் பீங்கான் சில்லுகள்

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஃபெரோஸ் ஷா கோட்லா என்றால் மைதானம்தான். 2019இல் அந்த அரங்கத்துக்கு அருண் ஜேட்லியின் பெயரை வைத்த பிறகும் பலர் வாயில் பழைய பெயரே வருகிறது. மைதானத்தை ஒட்டி அந்தப் பெயருக்கு உரியவரின் கோட்டை இடிந்து கிடக்கிறது. சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் 1354இல் நிறுவிய ஃபிரோசாபாத் நகரின் அரண்மனைப் பகுதி அது. உச்சியில் அசோகர் தூண் நிற்கிறது. வியாழக்கிழமைதோறும் மக்கள் திரண்டு வந்து, அங்கே குடியிருப்பதாக நம்பும் ஜின்களுக்கு மனு எழுதி வைத்து, விளக்கேற்றிவிட்டுப் போகிறார்கள்.

1960களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் இந்தத் துக்ளக் அரண்மனை இடிபாடுகளில் வேலை பார்த்தபோது மண்ணுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் சில்லுகள் வந்தன. பொறுக்கி, கழுவி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்ததில் ஏறக்குறைய 70 பாத்திரங்கள் தேறின. பெரும்பாலானவை வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரம் தீட்டியவை. மற்றவை செலடான் எனப்படும் இளம்பச்சைப் பீங்கான். எல்லாமே 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சீனாவை மங்கோலியரின் யுவான் வம்சம் ஆண்ட காலம் அது. 1970களில் எலன் ஸ்மார்ட் என்ற ஆய்வாளர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் பிறகு யுவான் காலப் பீங்கானை ஆராய்கிற எவரும் டெல்லியை விட்டுவிட்டுப் பேச முடியாது என்றாகிவிட்டது. ஆனால் டெல்லியில் குடியிருப்பவர்களில் இப்படியொரு புதையல் தங்கள் ஊரில் கிடைத்ததைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.

பழைய சீனப் பீங்கான் என்றாலே பணக்காரர்களின் ஆசை என்றுதான் செய்தித்தாள் படிப்பவருக்குத் தோன்றும். தோன்றுவதற்குக் காரணமும் உண்டு. 2005 ஜூலையில் லண்டன் ஏலமொன்றில் ஒரு யுவான் ஜாடி ஏறத்தாழ 1.57 கோடி பவுண்டுக்குப் போயிற்று. புலிகள் இழுக்கும் வண்டியில் முனிவர் குய்குசி மலையிறங்கி வருகிற காட்சி அதில் நீலத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. 2014இல் ஹாங்காங்கில் கோழிச் சித்திரம் போட்ட ஒரு சின்னஞ்சிறு மிங் காலக் கிண்ணம் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. இந்தத் தொகைகளைக் கேட்டு வாய் பிளக்கும் நாம், அந்த ஜாடியின் வயதையே ஒத்த பாத்திரங்கள் நம் தலைநகரின் மண்ணிலிருந்து கிடைத்ததைக் கொண்டாடத் தவறிவிட்டோம். டெல்லியின் மிகச் சிறந்த சீனப் பீங்கான் சேகரிப்பு இந்த உடைசல்தான். அதற்கு மக்கள் பார்வையில் ஒரு நிரந்தரமான, முதன்மையான இடம் வேண்டும்.

உடைசலுக்கு ஏன் இவ்வளவு பரிவு என்று கேட்கலாம். சந்தையில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலே பாத்திரத்தின் விலை சரிந்துவிடுகிறது. ஆனால் ஏலத்துக்கு வரும் முழுப் பாத்திரங்களில் பலவற்றுக்கு முந்தைய வாழ்க்கை தெரியாது. யார் வீட்டில் இருந்தது, யார் அதில் சாப்பிட்டார், எந்தக் கடல் தாண்டி வந்தது என்பதற்கு ஊகமே பதில். கோட்லா சில்லுகளுக்கோ முகவரி இருக்கிறது.

அந்த முகவரி பாத்திரத்தின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. இந்த வகைத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் முதலில் தெரிவது கனம். பெரிய தாம்பாளம் அளவுக்கு அகன்றவை அவை. அடிப்பக்கம் மெருகுப் பூச்சு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். களிமண்ணில் உள்ள இரும்புச் சத்து சூளையில் வெந்து, பூச்சு முடிகிற ஓரத்தில் செம்மண் நிறத்தில் கோடு கட்டியிருக்கும். சூளையின் மணல் துகள்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். நிமிர்த்தினால், தாமரை, அகல விரிந்த பியோனி மலர், கொடி, பழம், பறவை என்று இடைவெளி விடாமல் தீட்டிய நீலம். தூரிகை நின்ற இடங்களில் சாயம் தேங்கிக் கறுத்திருக்கும். கோட்லாவில் கிடைத்தவற்றில் சிலவற்றில் இவற்றோடு இன்னொன்றும் உண்டு. கூரிய முனையால் புள்ளி புள்ளியாகக் கொத்திப் பாரசீக எழுத்தில் அரச சமையலறைக்கு உரியது என்று பொறித்திருக்கிறார்கள். கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கிற வழக்கம் உள்ள நமக்கு அந்த அக்கறை உடனே புரியும்.

அவ்வளவு பெரிய தட்டு எதற்கு? சீனர்கள் சிறு கிண்ணத்தில் ஆளுக்குத் தனியாகச் சாப்பிட்டார்கள். மேற்கு ஆசியாவிலும் டெல்லி சுல்தான்களின் அரண்மனையிலும் பலர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கைபோட்டு உண்பது வழக்கம். வாங்குகிறவரின் பழக்கம் தெரிந்து, அதற்கேற்ற அளவில் சீனாவின் ஜிங்தெஜென் நகரத்துக் குயவர்கள் செய்து அனுப்பினார்கள். அந்த நீலத்துக்கான கோபால்ட் தாதுவும் ஈரானிலிருந்து சீனா போனது. ஈரானிலிருந்து சாயம், ஜிங்தெஜெனில் மண்ணும் கைத்திறனும் ஏறத்தாழ 1,300 டிகிரி சூளையும், பிறகு துறைமுகம் துறைமுகமாகக் கப்பல் பயணம், கடைசியில் யமுனைக் கரையில் பிரியாணிக்கு முந்தைய காலத்து ஏதோ ஒரு புலவுச் சோறு. ஒரு தட்டில் பாதி ஆசியா அடங்கியிருந்தது.

டெல்லிக்கும் சீனாவுக்கும் அப்போது நேரடித் தொடர்பும் இருந்தது. ஃபிரோஸ் ஷாவுக்கு முன் ஆண்ட முகம்மது பின் துக்ளக்கிடம் சீனப் பேரரசர் பரிசுகளோடு தூதுக்குழு அனுப்பினார். பதிலுக்கு டெல்லியிலிருந்து அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட தூதர் வேறு யாருமல்ல, ஊர் சுற்றிப் புகழ்பெற்ற இப்னு பதூதா. கோழிக்கோட்டில் புயலில் கப்பல்களும் பரிசுகளும் போய்விட்டன என்பது அவர் பயண நூலின் சோகமான பக்கங்களில் ஒன்று. சீனப் பீங்கான் இந்தியாவுக்கும், அதைத் தாண்டித் தன் சொந்த நாடான மொரோக்கோ பக்கம் வரைக்கும் போவதை அவரும் குறித்து வைத்திருக்கிறார்.

சரி, 70 பாத்திரங்கள் ஒரே இடத்தில் எப்படி உடைந்தன? இரண்டு ஊகங்கள் உண்டு. ஒன்று 1398இல் தைமூர் டெல்லியைச் சூறையாடியது. மற்றது, சுல்தானே உடைக்கச் சொல்லியிருக்கலாம் என்பது. ஃபிரோஸ் ஷா தன் ஆட்சியைப் பற்றித் தானே எழுதிவைத்த குறிப்பில், பாத்திரங்கள், திரைச்சீலைகள், சேணங்கள் ஆகியவற்றில் உயிருள்ளவற்றின் உருவங்களைத் தீட்டும் பழக்கத்தை மார்க்க நெறிப்படி நிறுத்தியதாகச் சொல்கிறார். பறவை நீந்தும் தட்டுகள் அந்த ஆணைக்குத் தப்பியிருக்குமா என்பதே கேள்வி. எது உண்மையானாலும், பாத்திரங்கள் உடைந்த காலத்துக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. ஆய்வாளர்களுக்கு அந்த எல்லைதான் தங்கம்.

ஏனென்றால், 14ஆம் நூற்றாண்டிலேயே சீனர்கள் இவ்வளவு முதிர்ந்த நீலச் சித்திர வேலை செய்தார்கள் என்பதே 100 ஆண்டுகளுக்கு முன் உறுதியாகத் தெரியாது. அதை நிறுவ உதவிய ஜாடிகளைத் தேடிச் சேர்த்தவர் மும்பையில் பிறந்தவர். பெயர் சர் பெர்சிவல் டேவிட். பேங்க் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான சர் சாசூன் டேவிட்டின் மகன். பாக்தாத் வழி யூதக் குடும்பம். 1892இல் பிறந்த பெர்சிவல் ஏறத்தாழ 1,700 சீனப் பீங்கான்களைச் சேர்த்தார். அவற்றில் யானைத் தலைக் கைப்பிடி வைத்த ஒரு ஜோடி ஜாடிகளின் கழுத்தில், கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கிறது. அந்த ஆண்டு 1351. அதை அளவுகோலாக வைத்து அமெரிக்க அறிஞர் ஜான் போப் 1950களில் இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இருந்த பீங்கான்களை வகைப்படுத்தினார். 1351 என்பது ஃபிரோஸ் ஷா டெல்லி அரியணை ஏறிய ஆண்டும்கூட. ஜாடிகளும் சுல்தானும் ஒரே காலத்தவர்கள். கோட்லா உடைசல் அந்தக் கணக்குக்கு இந்திய மண்ணிலிருந்து வந்த சாட்சி.

டேவிட்டின் சேகரிப்பு 2009 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2024இல் அவரது அறக்கட்டளை அதை நிரந்தரமாகவே கொடுத்துவிட முன்வந்தபோது மதிப்பு ஏறத்தாழ 100 கோடி பவுண்டு என்று செய்தி வந்தது. மும்பையில் பிறந்தவரின் சேகரிப்பு மும்பைக்கு வரவில்லையே என்ற ஏக்கம் எழுவது இயல்பு. ஆனால் அந்த மனிதர் செய்ததில் மெச்சத்தக்கது வேறு. தேடிச் சேர்த்ததைத் துறைசார்ந்தவர்களைக் கொண்டு விவரப் பட்டியலாக அச்சிட்டார். சீன நூல்களைப் படித்து ஆராய்ந்தார். 1950இல் எல்லாவற்றையும் லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். சேகரிப்பவர் என்ற பேருக்குத் தகுதியானவர் அவர். இந்தியாவிலேயே தங்கிவிட்ட சேகரிப்பும் இல்லாமல் இல்லை: சர் ரத்தன் டாடா சேர்த்த சீனப் பொருள்களை இன்றும் மும்பை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

முகலாயர்களுக்குப் பீங்கான் மோகம் துக்ளக்குகளைவிட அதிகம். அக்பரின் சமையலறையிலிருந்து சாப்பாடு போகும்போது, தங்க, வெள்ளிப் பாத்திரங்களைச் சிவப்புத் துணியிலும் செம்பு, பீங்கான் பாத்திரங்களை வெள்ளைத் துணியிலும் கட்டி முத்திரை வைத்தார்கள் என்று அவரது அவை அறிஞர் அபுல் ஃபசல் எழுதுகிறார். விஷம் கலந்த உணவைப் போட்டால் செலடான் தட்டு நிறம் மாறும் அல்லது வெடிக்கும் என்ற நம்பிக்கையும் அரண்மனைகளில் இருந்தது.

ஜஹாங்கீர் காலத்தில் ஆக்ராவில் இருந்த ஆங்கிலேயர் வில்லியம் ஹாக்கின்ஸ் சொல்லும் சம்பவம் நெஞ்சை உறைய வைப்பது. பேரரசருக்கு மிகப் பிடித்த ஒரு சீனத் தட்டு. விலை 90 ரூபாய். பயணத்தில் ஒட்டகம் விழுந்து தட்டு நொறுங்கியது. பொறுப்பாக இருந்த பிரபு பயந்துபோய், அதே போல ஒன்று வாங்கிவர நம்பிக்கையான ஆளைத் தரைவழியாகச் சீனாவுக்கு அனுப்பினார். ஆள் திரும்புவதற்குள், இரண்டு ஆண்டு கழித்து, பேரரசருக்குத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது. உண்மை தெரிந்ததும் 120 சாட்டையடி, பிறகு தடியடி, குற்றுயிராகச் சிறை. இளவரசர் ஒருவர் பரிந்து பேசியதால் உயிர் தப்பியவரிடம் 5,000 ரூபாய் கொடுத்து, அதே மாதிரித் தட்டோடு வந்தால்தான் முகத்தில் விழிக்கலாம் என்று விரட்டினார் ஜஹாங்கீர். 14 மாதம் அலைந்த அந்த மனிதருக்கு, தன்னிடம் இருந்த அதே போன்ற தட்டை இரக்கப்பட்டுக் கொடுத்தவர் பாரசீக மன்னர். 90 ரூபாய்ப் பொருளுக்காக ஒரு மனிதர் பட்ட பாடு இது. பொருள் மீதான ஆசை எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

முகலாயர்களும் தங்கள் பீங்கான்களின் அடியில் பெயரும் ஆண்டும் பொறித்து வைத்தார்கள். 1739இல் நாதிர் ஷா, 1857இல் ஆங்கிலேயர் என்று டெல்லி அடுத்தடுத்துக் கொள்ளைபோனதில் அரண்மனைச் செல்வங்கள் திசைக்கொன்றாகச் சிதறின. ஷாஜகானின் பெயர் பொறித்த, திராட்சைக் கொத்து தீட்டிய பெரிய மிங் தட்டு ஒன்று 2015இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அதற்கு முன் அது பாரசீக இளவரசி மஹீன் பானுவின் உடைமையாக இருந்தது என்பதையும் அதே தட்டில் உள்ள முத்திரைதான் சொல்கிறது. அந்த எழுத்துகள் இல்லையென்றால் அதுவும் ஒரு அழகான தட்டு, அவ்வளவே.

இந்த விஷயம் தமிழர்களுக்குத் தூரத்து விஷயமும் அல்ல. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ.சுப்பராயலு குழுவினர் தோண்டியபோது சீனப் பீங்கான் சில்லுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா தென்னிந்திய, இலங்கைக் கடற்கரைகளில் இத்தகைய சில்லுகளைத் தேடி ஒரு தனி நூலே பதிப்பித்தார். சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சீனச் சில்லுகள் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு அருகே அல்லைப்பிட்டியில் 1977இல் ஆய்வாளர் ஜான் கார்ஸ்வெல் ஆராய்ந்தவை இன்னும் பழையவை, சோங் வம்சக் காலத்தவை. கோட்லாவைப் பெரியபட்டினத்தோடும் அல்லைப்பிட்டியோடும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் சீனக் கப்பல் சரக்கு எந்தக் கரையில் எவ்வளவு இறங்கியது, எது உள்நாட்டுக்குப் போனது என்ற சித்திரம் முழுமையாகிறது. ஒவ்வொரு சில்லும் எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதிவைத்ததால் மட்டுமே இது சாத்தியமாயிற்று.

கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2023இல் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், பெயர் கீறிய பானை ஓட்டின் முன் நின்று பார்க்கிற மக்களுக்கு, உடைந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று யாரும் பாடம் நடத்தவில்லை. ஓட்டில் ஆதன் என்ற பெயரைப் படித்துச் சிலிர்க்கிற மனம், தட்டில் சுல்தானின் சமையலறைக் குறியைப் பார்த்தாலும் சிலிர்க்கும்.

இதற்கு நேர் எதிரான உலகமும் டெல்லியில் இருக்கிறது. பழம்பொருள் என்ற பெயரில் நீல வெள்ளை ஜாடிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஜிங்தெஜென் இன்றும் பீங்கான் நகரம்தான். பழைய மாதிரிகளை அச்சாகச் செய்கிற கைகள் அங்கே ஏராளம். புதியதைப் பழையதாக்க அமிலத்தில் தேய்ப்பது, தேயிலைச் சாயம் ஏற்றுவது, மண்ணில் புதைத்து எடுப்பது, உடைந்த பழைய பாத்திரத்தின் அடிப்பாகத்தைப் புது உடம்பில் ஒட்டுவது என்று வழிகள் பல. அடியில் உள்ள ஆறெழுத்து அரச முத்திரையை நம்பி வாங்குவது பெரும் பிழை. 17, 18ஆம் நூற்றாண்டுக் குயவர்களே முந்தைய மன்னரின் முத்திரையைப் பக்தியோடு போட்டிருக்கிறார்கள். அப்புறம் வந்தவர்கள் பணத்துக்காகப் போட்டார்கள்.

அடித்தளத்தின் வளையம், பூச்சின் தடிமன், மண்ணின் நிறம் இவற்றைக் கைபழகிய கண்தான் சொல்லும். அந்தக் கண் உண்மையான சில்லுகளைத் தொட்டுப் பார்த்துத்தான் பழகும். அதற்கும் கோட்லா உடைசலே பள்ளிக்கூடம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் புதையல் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள் ஆகிறது. அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவே முடியாது. கடத்தலைத் தடுக்க இந்தக் கண்டிப்பு வேண்டியதுதான். கஷ்டம் எங்கே வருகிறது என்றால், பாட்டன் காலத்துப் பீங்கானை வீட்டில் வைத்திருக்கிற நேர்மையான குடும்பமும் அதிகாரியிடம் காட்டப் பயப்படுகிறது. சிலை, ஓவியம், சித்திரச் சுவடி போன்றவற்றுக்குப் பதிவு முறை இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. விரும்பியவர் தன் வீட்டுப் பாத்திரத்தைப் படம் எடுத்து, அது வந்த வழியைச் சொல்லி, துறையிடம் பதிந்து வைக்க ஓர் எளிய வழி திறக்கலாம். உடைமை அவர்களிடமே இருக்கட்டும். தகவல் எல்லோருக்கும் கிடைக்கட்டும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்கு இதன் அவசரம் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் மரத்தூண்களும் எனாமல் பாத்திரங்களும் பீங்கான் ஜாடிகளும் அந்தக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. ரங்கூனிலிருந்து வந்ததா, பினாங்கிலிருந்து வந்ததா, எந்த ஊர் எந்த வீட்டுப் பொருள் என்று கேட்டால் பல நேரம் பதில் இல்லை. வீடு இடிந்ததோடு விவரமும் போய்விட்டது. விற்கிற குடும்பம் ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதி ஜாடிக்குள் போட்டிருந்தால் போதும், அந்த ஜாடி பேசியிருக்கும். வாங்குகிறவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இடிபாடுகளில் நடக்கும்போது காலில் தட்டுப்படுகிற சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. துக்ளக்காபாத்திலோ கோட்லாவிலோ அப்படிப் பொறுக்குவது, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து எடுத்துச் செல்கிற குற்றம். எடுத்தவர் வீட்டு அலமாரியில் அது ஒரு நீலத் துண்டு மட்டுமே.

கோட்லா பீங்கான்கள் தொல்லியல் துறையின் பொறுப்பில் டெல்லியின் புராணா கிலா கோட்டையில் சேர்க்கப்பட்டவை. அங்கே துறைக்கு இடமும் இருக்கிறது. கடத்தலிலிருந்து மீட்ட சிலைகளுக்காக 2019இல் ஒரு காட்சிக்கூடமும் திறந்தார்கள். அதே வளாகத்தில் ஓர் அறையைப் பீங்கானுக்கு ஒதுக்க வேண்டும். கோட்லா தட்டுகளை அடிப்பக்கமும் தெரியும்படி கண்ணாடி மேல் வைத்து, பொறித்த எழுத்தை உருப்பெருக்கிக் காட்டி, இந்தியிலும் பிற மொழிகளிலும் விளக்கம் எழுத வேண்டும். பெரியபட்டினத்துச் சில்லுகளைத் தமிழ்நாட்டிடம் கடனாகக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைக்கலாம். ஒவ்வொரு துண்டின் படமும் அளவும் கிடைத்த இடமும் இணையத்தில் ஏற வேண்டும். தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கிற மாணவி டெல்லிக்கு ரயில் ஏறாமலேயே தன் கையில் உள்ள சில்லை அதோடு ஒப்பிட முடிய வேண்டும். இதற்கு ஏல அறையில் புரளும் தொகையில் ஒரு சிறு துளிகூடச் செலவாகாது. துறையின் அடுத்த ஆண்டுத் திட்டத்திலேயே இதைச் சேர்க்கலாம்.